வயசு போன நாய், வலி உள்ள நாய்

(நாவற்குடாவில் பொதுமக்களுக்காகக் கால்நடை வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாயின் மூட்டுவாதத்தைப் பற்றிப் பேச மண்டபம் எதற்கு, மரத்தடி போதுமே என்று ஒழுங்கு செய்தவர்களிடம் சொன்னேன். இப்போது பார்த்தால் கதிரை போதாமல் பின்னால் பாய் விரித்திருக்கிறார்கள். தங்கள் முழங்கால் வலிக்கு ஏதாவது சொல்வேன் என்று வந்தவர்கள் யாரும் இருந்தால் எழும்பிப் போக வேண்டாம். பாதிக் கதை ஒன்றுதான்.

நொண்டுகிற நாயைக் கொண்டு வருபவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, பெரும்பாலும் ஒரு பெத்தா. நாய் படுத்த இடத்தை விட்டு எழும்பவே மாட்டாது என்ற நிலை வந்த பிறகுதான் ஓட்டோ பிடிப்பார். "வயசு போயிட்டுது மனே, இனி என்ன செய்யிற? ஒருக்காக் காட்டிப் பாப்பம் எண்டு வந்த நான்" என்பார். இரண்டாவது வகை ஓர் இளைஞர். கனடாவில் இருக்கிற அண்ணா அனுப்பிய படத்தைப் போனில் நீட்டி, "டொக்டர், இந்த ஊசி இங்க எடுக்கலாமா?" என்று கேட்பார். நாயின் எடை எவ்வளவு என்று நான் திருப்பிக் கேட்டால் அவருக்குத் தெரியாது. பெத்தாவுக்கு வைத்தியத்தில் நம்பிக்கை இல்லை. தம்பிக்கு ஊசியில் மட்டும்தான் நம்பிக்கை.

இருவருக்கும் என் பதில் ஒன்றுதான். வயது நோயில்லை. வலிதான் நோய், அந்த வலியைக் கத்தி வைக்காமலே பெருமளவு குறைக்கலாம். குறைக்கிற வழிகளில் நன்றாக நிரூபிக்கப்பட்டவை மலிவானவை. விலை ஏற ஏற ஆதாரம் மெலிந்துகொண்டு போகிறது. இனி நான் சொல்லப்போவது இதற்கான சாட்சியங்கள்.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலும்பு முனைகளை மூடியிருக்கிற குருத்தெலும்பு தேய்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு அழற்சி கண்டு வீங்குகிறது. உடம்பு அதைச் சரிக்கட்டப் பார்த்து ஓரங்களில் புதிய எலும்பு முளைகளை வளர்க்கிறது. தேய்ந்தது திரும்ப வளராது. மனிதருக்கு இது பெரும்பாலும் வயதோடு வருவது. நாய்க்கு அநேகமாக முன்னால் ஒரு காரணம் இருக்கும்: இடுப்பு மூட்டு பிறவியிலேயே தளர்ந்திருக்கும், முழங்கை சரியாகப் பொருந்தாமல் வளர்ந்திருக்கும், முழங்காலுக்குள் இருக்கிற இணைப்புநாண் அறுந்திருக்கும், அல்லது முறிந்த எலும்பு கோணலாகப் பொருந்தியிருக்கும். அதனால்தான் அல்சேஷன், லாப்ரடோர், ரொட்வைலர் போன்ற நாய்களுக்கு இரண்டு வயதுக்கு முன்பே எக்ஸ்ரேயில் மூட்டுவாதம் தெரிவதுண்டு. நம்முடைய ஊர் நாய்க்கு, நான் பார்த்த அளவில், இடுப்பு நன்றாகத்தான் இருக்கும். அதைக் கெடுப்பது கல்முனை வீதி. மோட்டார் சைக்கிள் அடித்து, முறிந்த கால் தானாகப் பொருந்தி, இரண்டு மூன்று வருடம் கழித்து அந்தக் காலில் வாதம் வந்து நிற்கும். வட அமெரிக்காவில் ஒரு வயது தாண்டிய நாய்களில் ஐந்தில் ஒன்றுக்கு இந்த நோய் இருக்கலாம் என்ற கணக்கு 1990களிலிருந்து சொல்லப்பட்டு வருகிறது.

நாய் வலியில் கத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாட்பட்ட மூட்டு வலியில் அது கத்தாது. காலையில் எழும்பும்போது முதலில் முன்னங்காலை ஊன்றி, கொஞ்சம் பொறுத்து, பிறகு பின்பக்கத்தைத் தூக்கும். பத்து அடி நடந்ததும் சரியாகிவிடும், நீங்களும் மறந்துவிடுவீர்கள். விறாந்தைப் படியில் ஏறாமல் கீழே நின்று உங்களைப் பார்க்கும். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரிப் பாயும். ஒரே மூட்டை நக்கி நக்கி அந்த இடத்து மயிர் நிறம் மாறிப்போகும். பிள்ளைகள் இடுப்பைத் தடவினால் உறுமும், "நாய்க்குக் குணம் மாறிட்டுது" என்பார்கள். குணம் மாறவில்லை, இடுப்பு நோகிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. நமது பகுதியில் நொண்டி வருகிற நாய் எல்லாவற்றையும் மூட்டுவாதம் என்று எழுதிவிட முடியாது. உண்ணிக் காய்ச்சல் இருக்கிறது. மண்ணிற நாயுண்ணி பரப்புகிற எர்லிக்கியாக் கிருமி மூட்டுகளை வீங்க வைக்கும். இன்றைக்கு முன்னங்கால், நாளைக்குப் பின்னங்கால் என்று நொண்டல் இடம் மாறும், காய்ச்சல் இருக்கும், முரசு வெளிறியிருக்கும். இன்னோர் உண்ணிக் காய்ச்சலான பபீசியாவும் இங்கே சாதாரணம். இவற்றுக்கு வேண்டியது ரத்தப் பரிசோதனையும், எர்லிக்கியா என்றால் டொக்சிசைக்கிளின் குளிசை நாலு கிழமையும். காய்ச்சலோடு நொண்டுகிற இளம் நாய்க்கு வலிக்குளிசை வாங்கிக் கொடுத்து மூன்று கிழமை இழுத்தடித்தால், மூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க நாய் செத்துப்போகும். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி தேடிப் பார்க்காமல் யாராவது நாய்க்கு மூட்டுவாத மருந்து எழுதினால், பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வைத்தியரிடம் கேட்பதில் குற்றமில்லை.

சரி, மூட்டுவாதம்தான் என்று உறுதியாகிவிட்டது. முதல் மருந்து என்ன?

சோற்றைக் குறைப்பது. சிரிக்காதீர்கள். நான் சொல்லப்போகிறவற்றில் வலுவான ஆதாரம் உள்ளவற்றில் இதுவும் ஒன்று. அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டு 48 லாப்ரடோர் குட்டிகளை எடுத்து ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளைச் சோடி சோடியாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு வழக்கமான சாப்பாடு, மற்றதற்கு அதில் கால்வாசி குறைவு. அந்த நாய்கள் எல்லாம் இறக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். குறைவாகச் சாப்பிட்ட கூட்டம் நடுக்கணக்கில் 13 வருடம் இருந்தது, மற்றது 11.2 வருடம். நமக்கு வேண்டியது அடுத்த எண்: வழக்கமாகச் சாப்பிட்ட நாய்களில் பாதிக்கு மூட்டுவாத மருந்து தேவைப்பட்ட வயது 10.3. குறைவாகச் சாப்பிட்டவற்றில் அந்த நிலை வந்த வயது 13.3. மூன்று வருட வலியைத் தள்ளிப்போட்டது ஒரு கரண்டிச் சோறு. இந்த ஆராய்ச்சியைச் செய்தது பியூரினா என்கிற நாய்த்தீனிக் கொம்பனி. தீனி விற்கிறவனே தீனியைக் குறை என்று நிரூபித்திருக்கிறான், இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

ஏற்கனவே கொழுத்து, ஏற்கனவே நொண்டுகிற நாய்க்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். அதற்கும் 2010இல் பதில் வந்திருக்கிறது. உடல் எடையில் 6 வீதத்துக்குச் சற்றே கூடக் குறைந்ததும் நொண்டல் கணிசமாகக் குறையத் தொடங்கியது. நாற்பது கிலோ நாய்க்கு 6 வீதம் என்பது இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு. கிழமைக்கு ஒரு வீதம், கூடினால் இரண்டு வீதம் என்ற கணக்கில் குறைத்தால், அடுத்த மாரி தொடங்குவதற்கு முன் நாய் வேறு நாயாக நடக்கும்.

எடை பார்க்க இயந்திரம் இல்லை என்று சொல்ல வேண்டாம். சின்ன நாயென்றால் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழியுங்கள். பெரிய நாயை நெல் மூட்டை நிறுக்கிற தராசில் நிற்பாட்டலாம். கடைக்காரர் முதல் தரம் சிரிப்பார், இரண்டாம் தரம் அவரே எழுதி வைப்பார். தராசே கிடைக்காவிட்டால் கை இருக்கிறது. எல்லோரும் இடக்கையை நீட்டுங்கள். கையைப் பொத்தி, விரல் மொழிகளை மற்றக் கையால் தடவிப் பாருங்கள். நாயின் விலா எலும்பு இப்படித் தட்டுப்பட்டால் அது மெலிவு. பொத்திய கையை விரித்து, உள்ளங்கையில் விரல் தொடங்குகிற இடத்தைத் தடவுங்கள். விலா இப்படி அமுக்கினால்தான் தெரியும் என்றால் கொழுப்பு. இனிக் கையைத் திருப்பிப் புறங்கையைத் தடவுங்கள். நாயின் விலா இப்படித் தெரிய வேண்டும். நாவற்குடாவில் வீட்டுக்குள் வளர்கிற லாப்ரடோர்களில் புறங்கை மாதிரி விலா உள்ளது அபூர்வம்.

சாப்பாட்டை அளக்கும்போது கோப்பைச் சோற்றை மட்டும் பார்க்காதீர்கள். காலையில் அப்பா தேத்தண்ணீரில் தோய்த்துக் கொடுக்கிற பாண், பள்ளிக்கூடத்தால் வந்த மகள் கொடுக்கிற பிஸ்கட், பெத்தா யாருக்கும் தெரியாமல் போடுகிற மீன் பொரியல்: கொழுப்பு இந்த வழியால்தான் வருகிறது. முப்பது கிலோ இருக்க வேண்டிய நாயின் எடையைக் குறைக்க நாளுக்கு ஏறக்குறைய 900 கலோரி போதும். நூறு கிராம் சோற்றில் 130 கலோரி. மிச்சக் கணக்கை நீங்களே போடலாம். சோற்றை அரைவாசியாக்கி, அவித்த பூசணி, போஞ்சி, கீரை சேருங்கள், உப்பும் தேங்காய்ப்பாலும் வேண்டாம். வெங்காயம் போட்ட குழம்பு வேண்டவே வேண்டாம். வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். யார் எப்போது சாப்பாடு போடுவது என்பதை வீட்டில் ஒரே ஆள் பொறுப்பேற்க வேண்டும். இதுதான் மிகவும் கடினம் என்பது எனக்குத் தெரியும். மருந்து எழுதுவதைவிட ஒரு பெத்தாவின் கையை மறிப்பது சிரமம்.

இரண்டாவது, வலிக்குளிசை. இதைச் சொல்லாமல் எடையை மட்டும் சொன்னால் அது அநியாயம். வலிக்கிற நாய் நடக்காது, நடக்காத நாய் மெலியாது. ஸ்டீரொயிட் அல்லாத அழற்சி தணிக்கும் மருந்துகள், மெலொக்சிக்காம், கார்ப்ரோபென் போன்றவை, பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப நிரூபிக்கப்பட்டவை. அமெரிக்காவில் கார்ப்ரோபென் நாய்களுக்கு அனுமதிக்கப்பட்டது 1996இல். மெலொக்சிக்காம் நம் கைக்கு எட்டக்கூடிய விலையில் இருப்பது. அளவு, முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், பிறகு நாளுக்கு ஒரு தரம் 0.1. இந்த எண்ணை உங்களுக்குச் சொல்வது நீங்களே வாங்கிக் கொடுப்பதற்காக இல்லை, பயப்படுவதற்காக. பாமசியில் மனிதருக்கு விற்கிற குளிசை 7.5 மில்லிகிராம். ஐந்து கிலோ நாய்க்கு ஒரு நாளுக்கு வேண்டியது அரை மில்லிகிராம். ஒரு முழுக் குளிசை கொடுத்தால் பதினைந்து நாள் மருந்து ஒரே நேரத்தில் போகிறது.

எந்த மருந்தானாலும் தொடங்கு முன் ரத்தத்தில் ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும், இரண்டு தொடக்கம் நாலு கிழமையில் திரும்பவும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தரமும். சாப்பாட்டோடு கொடுங்கள். வாந்தி, சாப்பாடு வெறுத்தல், மலம் கறுப்பாகப் போதல், இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே நிறுத்தி எனக்கோ வேறொரு வைத்தியருக்கோ சொல்லுங்கள். இந்தக் குளிசையோடு ஸ்டீரொயிட் ஊசி சேரக்கூடாது. இரைப்பை ஓட்டையாகும். வேறிடத்தில் போட்ட ஊசியை மறைத்து, "ஒரு குளிசை தாங்க" என்று கேட்பவர்களுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

வீட்டு லாச்சியில் உள்ள மாத்திரைகளைப் பற்றி. இபுபுரூஃபன், நப்ரொக்சன், டைக்ளோபெனாக் மூன்றும் நாய்க்கு ஆபத்து. மனிதர் தாங்குகிற அளவில் நாயின் குடல் புண்ணாகும், சிறுநீரகம் நிற்கும். பனடோல் பாவமில்லாதது என்ற எண்ணம் இங்கே ஆழமாக இருக்கிறது. மூன்று கிலோ பொமரேனியனுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒன்றைக் கொடுத்தால் கிலோவுக்கு 160 மில்லிகிராமுக்கு மேல் போகும். நூறைத் தாண்டினால் ஈரல் கெடலாம். பூனைக்கு அதில் ஒரு துண்டே எமன்.

டைக்ளோபெனாக் என்றதும் நமது பாடத்துக்குக் கொஞ்சம் வெளியே உள்ள ஒன்றைச் சொல்ல ஆசை. இந்தியாவில் நோவுள்ள மாடுகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்தார்கள். மாடு செத்ததும் பிணந்தின்னிக் கழுகுகள் தின்றன, சிறுநீரகம் கெட்டுச் செத்தன. வெண்முதுகுக் கழுகில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் 1990களின் தொடக்கத்திலிருந்து பதினைந்தே வருடத்தில் அழிந்தன. காரணம் இந்த மருந்துதான் என்று 2004இல் கண்டுபிடித்தார்கள், 2006இல் மாட்டுக்கான டைக்ளோபெனாக்கை இந்தியா தடைசெய்தது. அதற்குப் பதிலாகக் கழுகுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்து எடுத்த மருந்து மெலொக்சிக்காம், அதே குளிசை. கழுகு போன இடத்தில் பிணத்தைத் தின்னத் தெருநாய்கள் பெருகின, விசர்நாய்க்கடியும் கூடவே வந்தது. ஒரு மாட்டின் கால் நோவுக்குக் கொடுத்த ஊசி எங்கெல்லாம் போய் முட்டுகிறது பாருங்கள்.

வலிக்குளிசை ஒத்துக்கொள்ளாத நாய்க்கு வேறு மருந்துகள் உண்டு. கபாபென்டின், அமன்டடின் என்பவற்றைச் சேர்ப்போம். டிரமடோல் நிறையப் பேர் எழுதினார்கள், நானும் எழுதியிருக்கிறேன். 2018இல் வந்த நல்ல ஆய்வொன்றில் மூட்டுவாத நாய்களுக்கு அது மருந்தில்லாத வெறும் மாக்குளிசைக்கு மேல் வேலை செய்யவில்லை, அதே ஆய்வில் கார்ப்ரோபென் வேலை செய்தது. மனித உடம்பு டிரமடோலை மாற்றி எடுக்கிற வலுவான பொருளை நாயின் உடம்பு மிகக் குறைவாகத்தான் உண்டாக்குகிறது. உங்கள் நாய்க்கு டிரமடோல் மட்டும் எழுதியிருந்தால், ஏன் என்று கேட்கலாம்.

மூன்றாவது, நடை. காலை நேரம் பத்து நிமிடம், மத்தியானம் வளவுக்குள் சும்மா ஒரு சுற்று, பின்னேரம் பத்து நிமிடம். தினமும் ஒரே அளவு. கிழமை முழுவதும் சங்கிலியில் கட்டிவைத்து ஞாயிற்றுக்கிழமை கல்லடிக் கடற்கரையில் அவிழ்த்துவிட்டால் திங்கட்கிழமை அது எழும்பாது. இந்த ஊரில் சங்கிலி செய்கிற கேட்டை நான் வேறெதற்கும் ஒப்பிட மாட்டேன். தசை வற்றுகிறது, நகம் தேயாமல் வளைகிறது, வளைந்த நகத்தால் பாதம் தப்பாக ஊன்றுகிறது. நகம் வெட்டுவதற்குப் பத்து ரூபாயும் தேவையில்லை.

வீட்டுக்குள் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று: இருத்தி எழுப்புவது. துண்டு மீனைக் காட்டி "இரு" என்று சொல்லி, பிறகு எழுப்பி, ஐந்து தரம். பின் தொடையில் தசை ஏறும். அந்த மீன் அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் கழிய வேண்டும். இறுகிய மூட்டுக்கு நடக்கு முன் பத்து நிமிடம் வெந்நீரில் பிழிந்த துணி, உங்கள் மணிக்கட்டில் வைத்து சுடாது என்று கண்ட பிறகு. புதிதாக வீங்கிச் சூடாக இருந்தால் குளிர் ஒத்தடம்.

பணம் உள்ள நாடுகளில் நாயைத் தண்ணீருக்குள் ஓடும் பட்டையில் நடக்க வைக்கிறார்கள். நமக்கு ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல், ஒரு சதமும் செலவில்லை. தண்ணீர் எவ்வளவு தாங்குகிறது என்று 2010இல் அளந்திருக்கிறார்கள். கணுக்கால் அளவு தண்ணீரில் நாய் தன் எடையில் 91 வீதத்தைக் காலில் சுமக்கிறது. முழங்கால் அளவில் 85. இடுப்பளவில் 38. முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையிலேதான் வித்தியாசம் எல்லாம் இருக்கிறது. ஆகவே காலை நனைத்துவிட்டு வருவது பயனில்லை, இடுப்பு முட்ட இறக்க வேண்டும். வாவியில் இறக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, முதலை உண்டு, நாய் என்றால் அதற்கு இன்னும் விருப்பம். கடலென்றால் சித்திரை முதல் ஆவணி வரை அலை குறைந்த காலை நேரம் பார்த்து, கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு கரையோடு சேர்த்து நடத்துங்கள். வாடைக் காலத்தில் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள், காதையும்.

தரையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சாணம் மெழுகிய தரை போய், சீமெந்து போய், இப்போது எல்லா வீட்டிலும் வழுக்குகிற ரைல்ஸ். நல்ல நாயே அதில் சறுக்கும். இடுப்பு தளர்ந்த நாய் எழும்ப முயன்று கால் இரண்டும் விரிந்து விழுந்தால் அந்த ஒரு விழுதலே ஒரு மாத முன்னேற்றத்தைக் கெடுக்கும். படுக்கிற இடத்திலிருந்து கேற் வரைக்கும் சாக்கையோ பழைய ரப்பர் விரிப்பையோ வரிசையாகப் போடுங்கள். மாரியில் ஈரச் சீமெந்தில் படுக்க விடாதீர்கள். நாலு பலகையை அறைந்து நிலத்தை விட்டு உயர்த்தி, மேலே இரண்டு பழைய சாரத்தை மடித்துப் போட்டால் கட்டில் முடிந்தது.

இனி எல்லோரும் காத்திருக்கிற பகுதி: எண்ணெய், தூள், சத்துக்குளிசை. குளுக்கோசமைனும் கொண்ட்ரொய்ட்டினும் சேர்ந்த டப்பாக்களுக்கு வெளிநாட்டு உறவினர்கள் நிறையச் செலவழிக்கிறார்கள். கனடாவில் மொன்றியால் ஆய்வாளர்கள் நாய், பூனைகளில் நடந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகப் போட்டுப் பார்த்து 2022இல் எழுதியது, இவற்றை வலிக்காக இனிப் பரிந்துரைக்க வேண்டாம் என்பது. அதே கணக்கில் தேறியது மீனெண்ணெயில் உள்ள ஒமேகா-3. மீன் நமக்குப் புதிதா? ஆனால் அளவைக் கவனியுங்கள். மூட்டுவாதத்துக்குச் சொல்லப்படுகிற உச்ச அளவில் இருபத்தைந்து கிலோ நாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிராம் ஒமேகா-3 வேண்டும். பாமசியில் விற்கிற சாதாரண மீனெண்ணெய் உருண்டை ஒன்றில் இருப்பது சுமார் 300 மில்லிகிராம். ஒரு உருண்டையைக் கொடுத்துவிட்டுப் பலனில்லை என்பது, ஒரு சிரட்டைத் தண்ணீரை வயலுக்கு ஊற்றிவிட்டு நெல் விளையவில்லை என்பது போலத்தான். சாளை, சூடை, கீரி போன்ற கொழுத்த மீனை உப்பில்லாமல் அவித்து, முள்ளெடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கூட்டுகிற மீனுக்கு ஈடாகச் சோறு குறைய வேண்டும். வயிற்றால் போனால் அளவைக் குறையுங்கள். கருவாடு உப்பு, வேண்டாம். கொட் மீன் ஈரலெண்ணெயும் வேண்டாம், அதில் ஏ, டி உயிர்ச்சத்துகள் மிதமிஞ்சும்.

தைலம் பூசுவது. நாயின் தோலில் பூசியது நாயின் வாய்க்குள் போகும், இதுதான் முழு விளக்கமும். கற்பூரமும் வலித்தைலங்களில் உள்ள சலிசிலேற்றும் உள்ளே போகக்கூடாதவை. நல்லெண்ணெய் தடவிப் பிடித்துவிடுவதால் கெடுதல் இல்லை, அந்தப் பிடித்துவிடலில் தசைக்கு இதமும் உண்டு. மாட்டின் நொண்டலுக்குச் சூடு வைக்கிற வழக்கம் நம் பக்கத்தில் இருந்தது. நாய்க்கும் அதைச் செய்து கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். பழைய வலிக்கு மேல் புதுப் புண், அவ்வளவுதான். மஞ்சள், கொடுத்தால் கொடுங்கள். குடலில் உறிஞ்சப்படுவது மிகக் குறைவு. அக்குபங்சர், லேசர், ஸ்டெம் செல், ரத்தத்தட்டுச் சாறு எல்லாவற்றிலும் சில நாய்களுக்கு நல்லது நடந்ததாக எழுதியிருக்கிறார்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்து முடித்து, கையில் காசும் மிஞ்சியிருந்தால் அப்போது பேசலாம்.

தம்பி போனில் காட்டிய ஊசிக்கு வருகிறேன். அதன் பெயர் லிப்ரெலா. மாதம் ஒரு தரம் தோலுக்கடியில் போடுவது. வலிச் செய்தியைப் பெருக்குகிற ஒரு புரதத்தைப் பிடித்து மடக்குகிற எதிர்ப்பொருள் அது. ஐரோப்பாவில் 2020இலும் அமெரிக்காவில் 2023இலும் அனுமதி கிடைத்தது. சிறுநீரகம் பலவீனமான, குளிசை கொடுக்க முடியாத நாய்க்கு இது பெரிய வரவு என்று நான் நினைக்கிறேன். ஆனால் 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் வைத்தியர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது: தள்ளாட்டம், வலிப்பு, கால் செயலிழப்பு போன்றவை முறையிடப்பட்டிருக்கின்றன, நாய்க்காரருக்குச் சொல்லிவிட்டுப் போடுங்கள் என்று. அதே வழியில் மனிதருக்குச் செய்த தனெசுமாப் என்ற மருந்தை, சிலருடைய மூட்டு விரைவாகத் தேய்ந்ததால், 2021இல் கைவிட்டார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. புது மருந்துக்கு வயது காணாது, அவ்வளவுதான்.

இந்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒளிந்திருக்கிற ஒரு பொய்யை உங்களுக்குக் காட்ட வேண்டும். நொண்டுகிற 58 நாய்களுக்கு மருந்தில்லாத வெறும் மாக்குளிசை கொடுத்து, நாய்க்காரரிடமும் வைத்தியரிடமும் கருத்துக் கேட்டார்கள், அதே நேரம் நாய் காலை எவ்வளவு அழுத்தி ஊன்றுகிறது என்று இயந்திரத்தாலும் அளந்தார்கள். 2012இல் முடிவு வந்தது. இயந்திரம் மாற்றமில்லை என்று சொன்ன வேளைகளிலும், நூற்றுக்கு 57 தரம் நாய்க்காரர் "சுகம்" என்றார்கள். வைத்தியர்களும் நாற்பதுக்கு மேல் ஏமாந்தார்கள். காசும் அன்பும் போட்ட இடத்தில் நம் கண் நமக்குச் சாதகமாகத்தான் பார்க்கும். மனிதருக்கு மாக்குளிசை கொடுத்தால் நோயாளிக்கே வலி குறைந்ததாகத் தோன்றலாம். இங்கே சுகப்பட்டது நீங்கள், நாய்க்கு நோகிறது. அதனால் வாயால் சொல்வதை நான் இப்போது நம்புவதில்லை. வீடியோ கேட்கிறேன். நாய் காலையில் முதல் தரம் எழும்புகிற அரை நிமிடம், உங்களை விட்டு விலகிப் போகிறதும் உங்களை நோக்கி வருகிறதும், அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், இரண்டு கிழமைக்கு ஒரு தரம். பழையதையும் புதியதையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்த்தால் விவாதமே தேவைப்படாது.

கத்தி வைக்காமல் என்று தொடங்கினேன், அதற்கு ஓர் எல்லை உண்டு. ஓடிக்கொண்டிருந்த நாய் திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிப் பிடித்தால் முழங்கால் நாண் அறுந்திருக்கலாம். 1984இல் வந்த ஓர் ஆய்வில், சத்திரசிகிச்சை இல்லாமல் விட்ட நாய்களில் பதினைந்து கிலோவுக்குக் குறைந்தவற்றில் நூற்றுக்கு 86 ஆறு மாதத்தில் தேறின, அதற்கு மேல் எடையுள்ளவற்றில் தேறியது 19தான். உங்கள் பொமரேனியனை ஆறு கிழமை கட்டுப்பாட்டில் வைத்துப் பார்க்கலாம். லாப்ரடோர் என்றால் மகியங்கனை வழியாகப் பேராதனைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்வேன். தூரம்தான். குளிசையால் மூடிமறைத்தால் ஆறு மாதத்தில் அந்த மூட்டே போய்விடும்.

இன்னும் ஒன்று. பெரிய சாதிக் குட்டி வாங்குகிறவர்கள், தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள். காட்ட மாட்டேன் என்றால் வாங்காதீர்கள். குட்டிக்குக் கல்சியம் சிரப் பருக்க வேண்டாம், நல்ல சாப்பாட்டுக்கு மேலே அது எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். அந்தச் சாதிகளுக்கு மலடாக்குவதை ஒரு வயது கழிந்து செய்வது மூட்டுக்கு நல்லது. ஊர் நாய்க்கு அந்தக் கணக்கு வேண்டாம், கருத்தடை முகாம் வரும்போதே கொண்டு போங்கள்.

தெருநாய்களைப் பற்றி ஒரு தங்கச்சி எழுதித் தந்த கேள்விக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் நொண்டுகிற நாய்க்குத் தினமும் குளிசை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். எடை தெரியாது, சிறுநீரகம் எப்படியென்று தெரியாது, சோற்றில் வைத்ததை எந்த நாய் தின்றது என்றும் தெரியாது. குளிசை வேண்டாம் மகள். உண்ணிக்கு மருந்து போடலாம், மெலிந்ததென்றால் மீன் அவித்து வைக்கலாம், பிடிக்க முடிந்தால் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு வரலாம். கையில் சாக்குச் சுற்றிக்கொண்டு பிடியுங்கள், நோகிற நாய் கடிக்கும். கடித்தால் பதினைந்து நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

நாயைக் காட்ட வருகிறவர்கள் மூன்று சாமான் கொண்டு வாருங்கள்: எடை எழுதிய துண்டு, காலை எழும்புகிற வீடியோ, இதுவரை கொடுத்த எல்லா மருந்தின் பெட்டியும். வெறும் பெட்டியானாலும் பரவாயில்லை, மறைக்காமல் கொண்டு வாருங்கள். ரத்தம் எடுக்க வேண்டியவர்கள் காலையில் நாய்க்குத் தண்ணீர் மட்டும் வையுங்கள், பாண் வேண்டாம். பெத்தாவிடமும் முதல் நாள் இரவே சொல்லி வையுங்கள்.